அந்தப் படத்துக்குக் கீழே நீ எழுதிய பெயர்

என் ஆசைத் தம்பி இன்னாசிக்கு,

உன் புத்தகம் அச்சுக்குப் போய்விட்டது. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் வேறு எதை ஆரம்பித்தாலும், "அது கெடக்கட்டும்க்கா, பொஸ்தகம் என்னாச்சு?" என்று குறுக்கே விழுவாய். நீ நினைத்திருந்த மாதிரி அது வரவில்லை. நான் நினைத்திருந்த மாதிரியும் வரவில்லை. ஏன் என்று உன்னிடம் சொல்லாமல் எனக்கு மனசு ஆறாது.

உன்னைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று மதுரையிலிருந்து ஒரு பத்திரிகைக்காரர் எழுதிக் கேட்டார். கட்டுரை என்றால் 'அன்னார்' என்று எழுத வேண்டும். 'ஈடுசெய்ய முடியாத இழப்பு' என்று எழுத வேண்டும். உன்னை 'அன்னார்' என்று எழுத எனக்குக் கை போகுமா? கடிதம்தான் வரும், இஷ்டமிருந்தால் போட்டுக்கொள்ளுங்கள் என்று பதில் போட்டுவிட்டேன். நாலு பேர் வாசித்தால் வாசிக்கட்டும்.

ஊர்ச் சேதி உனக்கு வேண்டுமே. புதுத் துறைமுகத்தில் கப்பல் கரைக்கே வந்து நிற்கிறது. தூரத்தில் நங்கூரம் போட்ட கப்பலுக்குத் தோணியில் போய், மூட்டை எண்ணிவிட்டு, உப்புப் பூத்த சட்டையோடு வந்து விழுவாயே, அந்தப் பாடு இனி உன் கூட்டாளிகளுக்கு இல்லை. பாதிப் பேருக்கு வேலையும் இல்லை. சிப்பியைக் கூண்டில் கட்டித் தொங்கவிட்டே முத்து எடுக்கலாம் என்று ஆராய்ச்சிக்காரர்கள் செய்து காட்டியிருக்கிறார்கள். மண்ணெண்ணெய்க்கு இன்னும் வரிசைதான். பக்கத்து வீட்டுப் பையன் துபாய்க்குப் போய் ஒரு சோப்புக்கட்டி அனுப்பியிருக்கிறான், அதன் வாசனையில் எனக்குத் தலைவலி வந்ததுதான் மிச்சம்.

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. அலுப்புதான். காலையில் எழுந்திருக்கும்போதே ஒரு நாள் வேலை முடிந்த மாதிரி இருக்கிறது. கண்ணாடியை மாற்றச் சொல்கிறார் டாக்டர். கண்ணாடியை மாற்றினால் இன்னும் நாலு தப்பு கூடத் தெரியும், அதை வேறு யார் சுமப்பது?

என் வேலை என்ன என்று ஊருக்கு இன்னும் விளங்கவில்லை. "புரூப் பாக்குதியளோ?" என்கிறார்கள். புரூப் பார்க்கிறவர் எழுத்துச் சரியா என்று பார்ப்பார், நான் எழுதியிருப்பது நிஜமா என்று பார்க்கிறேன் என்றால், "அதுக்குத்தான எழுதுனவரு இருக்காரு?" என்கிறார்கள். எழுதினவரை நம்பினால் நான் சோறு தின்ன முடியுமா? ஆபீசும் கிடையாது, மாதச் சம்பளமும் கிடையாது. சென்னையிலிருந்து காகிதக் கட்டு வந்தால் வேலை, வராவிட்டால் அடுப்பைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

இது ஆரம்பித்ததே சண்டையில்தான். உனக்கு ஞாபகம் இருக்கும். பிள்ளைகளுக்கான ஒரு பூகோளப் புத்தகத்தில் தாமிரபரணி தூத்துக்குடியில் கடலில் கலக்கிறது என்று போட்டிருந்தார்கள். எனக்கு வந்த கோபத்தில் பதிப்பகத்துக்கு ஒரு கார்டு போட்டேன். "ஆறு புன்னக்காயலில் கலக்கிறது. தூத்துக்குடிக்கு ஆறு வந்திருந்தால் நாங்கள் ஏன் குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருக்குழாயில் அடித்துக்கொள்கிறோம்?" பதிலோடு அடுத்த புத்தகத்தின் காகிதக் கட்டும் வந்தது. "அம்மா, இனிமேல் அச்சாவதற்கு முன்னாலேயே திட்டிவிடுங்கள்" என்று எழுதியிருந்தார் எடிட்டர். நீ அந்தக் கடிதத்தைத் தெருவெல்லாம் காட்டிவிட்டு வந்தாய்.

அன்றையிலிருந்து இதே பிழைப்பு. பென்சிலை எடுத்துப் பெயர், ஊர், வருஷம், எண் எல்லாவற்றுக்கும் அடிக்கோடு போட வேண்டும். புத்தகத்தில் கிடைப்பதைப் புத்தகத்தில் தேட வேண்டும். கிடைக்காததற்கு ஏரல் சந்தைக்கோ, பழைய துறைமுகத்துக்கோ, கோயிலில் ஏடு எழுதுகிற மேசைக்கோ போய் ஆளைப் பிடித்துக் கேட்க வேண்டும். சரியாக இருந்தால் சொல்லுக்கு மேலே ஒரு சின்ன டிக். சந்தேகமாக இருந்தால் ஓரத்தில் ஒரு துண்டுச் சீட்டை ஒட்டி, 'ஆசிரியருக்கு' என்று ஆரம்பித்துக் கேள்வி எழுதி அனுப்ப வேண்டும். ஆசிரியர்கள் கோபத்தோடு பதில் போடுவார்கள். எப்படியோ புத்தகம் பிழைத்துவிடும்.

முத்துக்குளிப்பைப் பற்றி நீ எழுதிய புத்தகமும் என்னிடம்தான் வரும் என்று தெரிந்தபோது நீ சொன்னாய், "யக்கா, நீ வாசிக்க மாட்டே, கஸ்டம்ஸ்காரன் பெட்டியக் கவுத்துற மாதிரி கவுத்திருவே." கவிழ்க்கத்தான் செய்தேன். முத்துக் குளிக்கிறவனின் கயிற்றை எப்போதும் அவன் மனைவியின் உடன்பிறந்தவன்தான் பிடிப்பான், தங்கச்சி தாலிக்கு அவன்தான் காவல் என்று எழுதியிருந்தாய். நான் விசாரித்தேன். மச்சான் பிடித்த கயிறு நிறைய உண்டு, சித்தப்பாவும் அண்ணனும் பிடித்த கயிறும் உண்டு. 'எப்போதும்' என்பதை அடித்துவிட்டுப் 'பெரும்பாலும்' என்று போட்டேன். "ஒரு வார்த்தையப் போட்டு என் வாக்கியத்தக் கொன்னுட்டியே!" என்று சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாய். திரும்பி வந்து சாப்பிட்டாய், அது வேறு விஷயம்.

அந்தச் சண்டை முடிவதற்குள் உனக்கு மஞ்சள் காமாலை வந்தது. கீழாநெல்லி, பெரியாஸ்பத்திரி, மெழுகுதிரி நேர்ச்சை என்று நான் ஓடாத இடமில்லை. ஒன்றும் கேட்கவில்லை. உன்னை அடக்கம் செய்துவிட்டு வந்த அடுத்த மாதம் சென்னையிலிருந்து கட்டு வந்தது. பிரித்துப் பார்த்தால் உன் புத்தகம், அச்சுக் கோத்து, ஈர மை வாசனையோடு.

வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள் என்று எழுத நினைத்தேன். அப்புறம் பார்த்தால், உன் எழுத்தில் வேறு ஒருத்தர் பென்சில் வைப்பதை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உன்னைத் திட்டுவதற்கு எனக்கு மட்டும்தான் உரிமை. உட்கார்ந்தேன். பங்குனி மாசக் கடலுக்கு, ஆனி ஆடியில் அடிக்கிற கச்சான் காற்றை வீச வைத்திருந்தாய். ஏலே, கச்சான் அடிக்கிற காலத்தில் எவன் முத்துக் குளிக்கப் போவான்? சீட்டை ஒட்டி, 'ஆசிரியருக்கு' என்று எழுதிவிட்டேன். எழுதின பிறகுதான் உறைத்தது. பேனாவை மூடி வைத்துவிட்டு, மேசையில் தலையைச் சாய்த்து அழுதேன்.

அதற்கப்புறம் சீட்டு ஒட்டவில்லை. தெரிந்ததை நானே திருத்தினேன், தெரியாததை அலைந்து தெரிந்துகொண்டேன். எல்லாம் ஒருவழியாக முடிந்தது என்று நினைத்தபோதுதான் அந்தப் படம் வந்தது.

உனக்குத் தெரியும் எந்தப் படம் என்று. கடைசி முத்துக்குளிப்பின்போது சிப்பி எண்ணுகிற தற்காலிக வேலைக்குப் போனாயே, அப்போது ஸ்டுடியோக்காரரிடம் கெஞ்சிக் கேமரா வாங்கிக்கொண்டு போய் எடுத்தாயே, அது. எனக்கு வந்த அச்சு நகலில் ஒரு ஆள் தண்ணீரிலிருந்து தலையும் தோளுமாக எழும்பி, ஒரு கையில் கயிற்றைப் பற்றிக்கொண்டு அண்ணாந்து பார்க்கிறார். கீழே நீ எழுதிக் கொடுத்த குறிப்பு, 'அந்தோணிமுத்து, திரேஸ்புரம்.' அதற்கு மேலே, பக்கத்தின் மேல் பாதியில், உன் படம். அந்த இடத்தை நான்தான் கேட்டு வாங்கினேன். ஆசிரியர் போய்விட்டார், அவர் முகமாவது புத்தகத்தில் இருக்கட்டும் என்று மூன்று கடிதம் எழுதி, எடிட்டரை நச்சரித்து வாங்கினேன்.

படத்தில் பெயர் இருந்தால் அந்த ஆளிடமோ அவரை அறிந்தவரிடமோ கேட்காமல் நான் டிக் போடுவதில்லை. நகலை எடுத்துக்கொண்டு திரேஸ்புரத்துக்குப் போனேன். அந்தோணிமுத்து இல்லை. கொழும்புக்குப் போன தோணி புயலில் மூழ்கியபோது அதில் இருந்தவர்களில் ஒருவர் அவர், உடல் கரைக்கு வரவே இல்லை என்றார்கள். அவரோடு முத்துக் குளித்த அவருடைய மச்சான் கஸ்பார் மாப்பிள்ளையூரணியில் இருக்கிறார், கேட்டுப் பாருங்கள் என்றார்கள். வெயிலில் அங்கே போய்ச் சேர்ந்தபோது எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

கஸ்பார் இப்போது துறைமுகத்தில் ஒரு சரக்குக் கிட்டங்கிக்குக் காவல் இருக்கிறார். தண்ணீர் கொடுத்தார், மோர் கொடுத்தார், அப்புறம் நகலைக் கையில் வாங்கினார்.

"யக்கா, இது நாந்தான்லா!"

"நல்லாப் பாருங்க."

"எம் மூஞ்சி எனக்குத் தெரியாதாக்கா? இந்தா, புருவத்துல வெட்டு. சிப்பி கிழிச்சது." விரலை வைத்துக் காட்டினார். படத்திலும் அந்த வெட்டு இருந்தது.

"அப்ப அந்தோணிமுத்துன்னு போட்டிருக்கே?"

அவர் நகலை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "எம் பொஞ்சாதி கூடப்பொறந்தவன். அவம் பேரே இருந்துட்டுப் போவட்டும். மாத்தாண்டாம்க்கா."

"தப்புல்லா?"

"என்ன தப்பு? நான் உசுரோட இருக்கேன். படம் வேணும்னா நாளைக்கே ஸ்டுடியோவுல போயி நின்னுக்கிடுதேன். அவனுக்கு ஒரு படம் உண்டா, ஒரு கல்லறை உண்டா? ஒன் வீட்டுக்காரரு பொஸ்தகத்துல வருதாருன்னு ஒங்க தம்பி அவம் பொஞ்சாதி சூசையம்மாகிட்ட சொல்லிட்டுப் போயிட்டாவ. அந்தப் புள்ள அதையே சொல்லிக்கிட்டுக் கெடக்கு. நீங்க பாட்டுக்கு விட்டுருங்க."

திரும்பி வருகிற வழியெல்லாம் உன் மேல் எனக்கு ஆத்திரமான ஆத்திரம். தெரிந்தேதான் செய்திருக்கிறாய், ஒரு விதவை அழுதாள் என்று அவள் புருஷன் பெயரை வேறு ஆள் படத்துக்குக் கீழே எழுதிக் கொடுத்துவிட்டாய் என்று நினைத்தேன். அப்படிச் செய்கிற ஆள்தான் நீ. பிச்சைக்காரர் கதை சொன்னால் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வருகிறவன். உன் மனசு நல்ல மனசு, யார் இல்லை என்றார்கள்? ஆனால் படம் பொய் என்று நாளைக்கு ஒருத்தர் கண்டுபிடித்தால், புத்தகம் முழுக்கப் பொய் என்பார்களே. காமாலையோடு படுத்துக்கொண்டு நீ திருத்தி எழுதிய பக்கங்களையும் சேர்த்துத்தானே சொல்வார்கள்?

கஸ்பார் என்று மாற்றிவிடுவது என்று முடிவு செய்தேன். ஆனால் நீ வாக்குக் கொடுத்த இடத்தில் நான் போய்ச் சொல்லாமல் மாற்ற மனசு வரவில்லை. நாலைந்து நாள் தள்ளிப் போட்டேன். அப்புறம் போனேன்.

சூசையம்மாள் கரையில் சாளை மீனைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "வாங்கக்கா. பொஸ்தகம் வந்துட்டா?"

"வரல. ஒரு வெவரம் சொல்லணும், சூசையம்மா." எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தது ஒன்றும் உதவவில்லை. நேராகச் சொன்னேன். "படத்துல இருக்கது ஒன் வீட்டுக்காரர் இல்லம்மா. கஸ்பாராம்."

அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நகலை வாங்கிப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். "கஸ்பார் அண்ணந்தான். இது யாருக்குத் தெரியாது?" என்றாள். தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். மறுபடி முன்பக்கம் பார்த்தாள். "கை எங்கக்கா?"

"எந்தக் கை?"

"மேல இருந்துச்சே, வள்ளத்து ஓரத்துல, கயித்தப் புடிச்சிக்கிட்டு. அதுலா அவுக!"

இந்தப் படத்திலா என்று கேட்டேன். அவள்தான் சொன்னாள். நீ அந்தப் படத்தைக் கொண்டுபோய்க் காட்டினாயாம். தண்ணீரில் கஸ்பார், மேலே வள்ளத்தின் விளிம்பில் கயிற்றைப் பிடித்த ஒரு கை. சுண்டுவிரல் பாதிதான் இருந்தது. கயிறு சுற்றி நசுங்கின விரல். பார்த்தவுடனேயே தெரிந்துவிட்டதாம் அவளுக்கு.

"மொகம் வெட்டுப்பட்டுப் போச்சேன்னு ஒங்க தம்பிக்கு ஒரே வெசனம். கை போதும்யான்னு நாந்தான் சொன்னேன். ஆளு கரைக்கு வரலேன்னு அடக்கம் கெடையாது, அடக்கம் இல்லேன்னு கோயில் ஏட்டுலயும் பேரு கெடையாது. எங்கனயும் அவுக பேரு இல்லக்கா. ஒங்க தம்பிதான் எழுதுதேன்னாவ." தாளை என்னிடம் நீட்டினாள். "கையையும் வெட்டிட்டியளே!"

கருவாட்டுப் பாயின் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். ஏலே இன்னாசி, நீ எடுத்த படங்களில் தலை வெட்டுப்படாத படம் எது? அம்மாவை எடுத்தாய், கழுத்துக்குக் கீழேதான் விழுந்தது. அந்தோணிமுத்துவையும் அப்படித்தான் எடுத்திருக்கிறாய். போகட்டும். குறிப்பிலாவது கயிற்றைப் பிடித்திருப்பவர் என்று ஒரு வார்த்தை சேர்த்து எழுதியிருக்கக் கூடாதா? தண்ணீரில் இருப்பவர் பெயரையும் எழுதியிருக்கக் கூடாதா? முகம் தெரிகிற ஆளை விட்டுவிட்டுக் கை தெரிகிற ஆளுக்கு மட்டும் ஏன் பெயர் போட்டாய்? காமாலையில் மறந்துவிட்டாயா, வேண்டுமென்றேதான் அப்படி எழுதினாயா? இந்த ஒரு கேள்விக்கு எனக்கு யார் பதில் சொல்லுவார்?

அன்றைக்கே எடிட்டருக்கு எழுதினேன். மூலப் படத்தையும் ஒரு கடிதத்தையும் சேர்த்து அனுப்பினார். நல்ல மனுஷர், பொறுமையாகத்தான் எழுதியிருந்தார். படம் அச்சிடுகிற ஆர்ட் தாள் இந்தப் புத்தகத்துக்கு ஒரு பக்கம்தான் கட்டுப்படியாகும். நான் கேட்டபடி உன் படத்தை மேல் பாதியில் வைக்க வேண்டியிருந்ததால், முத்துக்குளிப்புப் படத்தின் மேல்பக்கத்தைக் கொஞ்சம் வெட்டி அச்சுக்கான பிளாக் செய்தார்களாம். மேலே வெறும் படகு விளிம்பும் ஏதோ ஒரு கையும்தானே இருந்தது என்று எழுதியிருந்தார். இப்போது குறிப்பில் கஸ்பார் என்று மாற்றிவிட்டால் தகவல் சரியாகிவிடும். முழுப்படம்தான் வேண்டுமென்றால் ஆசிரியர் படத்தை எடுத்துவிட வேண்டியிருக்கும். இரண்டில் ஒன்றைத் தந்தியில் சொல்லுங்கள், அச்சு இயந்திரம் காத்திருக்கிறது என்று முடித்திருந்தார்.

மூலப் படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கை இருந்தது. வள்ளத்தின் விளிம்பில் மணிக்கட்டை ஊன்றி, கயிற்றை இறுக்கி, நரம்பு புடைத்து. சுண்டுவிரல் பாதி.

கஸ்பார் என்று மாற்றினால் என் வேலை அதோடு முடிந்தது. ஒரு பிழையும் இருக்காது, எடிட்டர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. இத்தனை வருஷமும் இதைத்தானே நான் செய்துகொண்டிருந்தேன்? நிரூபிக்க முடியாத பெயரை அடித்துவிடுவது, நிரூபித்த பெயரைப் போடுவது, டிக் போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போவது. இந்தத் தடவை கை வரவில்லை. 'கயிற்றைப் பிடித்தவர் அந்தோணிமுத்து, படத்தில் இல்லை' என்று போட்டுப் பார்த்தேன். கல்லறையில் இல்லை, கோயில் ஏட்டில் இல்லை, படத்திலும் இல்லை என்று நானும் ஒருத்தி அச்சில் ஏற்ற வேண்டுமா? அதைக் கிழித்துப் போட்டேன்.

மூலப் படத்தைச் சூசையம்மாளிடமே கொடுத்துவிடலாம், அவளுக்குக் கை கிடைத்துவிடும், உன் முகமும் புத்தகத்தில் இருந்துவிடும் என்றும் கணக்குப் போட்டேன். பொய் சொல்ல மாட்டேன், ரொம்ப ஆசையாகத்தான் போட்டேன். ஆனால் அவள் கேட்டது கையை மட்டும் இல்லையே. ஒரு இடத்தில் அவர் பெயர் எழுதியிருக்க வேண்டும் என்றல்லவா கேட்டாள்.

உன் படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். துறைமுக அடையாள அட்டைக்காக எடுத்தது. ஸ்டுடியோக்காரரின் கோட்டு உனக்குத் தோளில் தொங்குகிறது. அடுத்த நொடி சிரித்துவிடப் போகிற வாய். நீ எப்போதும் கேமராவுக்குப் பின்னால் நின்றவன், அதனால் உன் படம் என்று என்னிடம் இருப்பது இது ஒன்றுதான். எனக்குப் பிள்ளையும் இல்லை, உனக்குக் கல்யாணமும் இல்லை. நானும் போன பிறகு உன் முகம் யாருக்குத் தெரியும்? புத்தகத்தில் இருந்தால் எங்கேயாவது ஒரு நூலகத்தில் யாராவது ஒருத்தர் பக்கத்தைத் திருப்பிப் பார்த்து, இந்தப் பையனா எழுதினான் என்பார். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. அதற்காகத்தான் மூன்று கடிதம் எழுதினேன்.

அந்தோணிமுத்துவுக்குக் கல்லறை இல்லை. உனக்கு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து மெழுகுதிரி ஏற்றுகிறேன், உன் பெயர் கல்லில் இருக்கிறது. நானாக எனக்குச் சொல்லிக்கொண்ட நியாயம் அவ்வளவுதான்.

தபால் ஆபீசுக்குப் போய்த் தந்தி கொடுத்தேன். ஆசிரியர் படத்தை எடுத்துவிடவும், முழுப்படம் போடவும். எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்து, வீட்டுப் பக்கம் திரும்பாமல் பக்கத்துக் கடை வாசலிலேயே நின்றுவிட்டேன். சைக்கிள் கடைக்காரர் ஒரு ஸ்டூலைப் போட்டு, "என்னக்கா, வெயிலா?" என்று கேட்டார். ஆமாம் அண்ணாச்சி, வெயில் என்றேன்.

போன வாரம் புதுப் பக்கத்தின் நகல் வந்தது. குறிப்பை நானே எழுதிக் கொடுத்திருந்தேன். 'கயிற்றில்: அந்தோணிமுத்து. நீரில்: கஸ்பார். இருவரும் அப்போது திரேஸ்புரம்.' அந்த 'அப்போது' நான் போட்டது, கஸ்பார்தான் இப்போது மாப்பிள்ளையூரணி ஆயிற்றே. நீ இருந்திருந்தால் அதற்கும் ஒரு சண்டை போட்டிருப்பாய். ஒவ்வொரு சொல்லுக்கு மேலேயும் டிக் போட்டேன்.

நகலைச் சூசையம்மாளிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கஸ்பாரும் வந்திருந்தார். "அட, எம் பேரு எதுக்குக்கா?" என்று வெட்கப்பட்டார். அவள் அந்தக் கையை விரலால் தொட்டுக்கொண்டே இருந்தாள். பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டாள். காட்டினேன். அதையும் தொட்டுப் பார்த்தாள். மை லேசாகக் கலைந்துவிட்டது. பயந்துபோய் விரலை எடுத்தாள், பரவாயில்லை, இது நகல்தான் என்றேன்.

அப்புறம்தான் அவள் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "ஒங்க தம்பி படம் மேல இருந்துச்சேக்கா, அது எங்க?"

"அது சரியா விழல, சூசையம்மா. நல்லா இல்லன்னு எடுத்துட்டாவ" என்றேன்.

"அப்படியா! பாவம்" என்றாள்.

இந்தக் கடிதத்தைச் சூசையம்மாளுக்கு யாராவது வாசித்துக் காட்டுவதாக இருந்தால், எடிட்டர் கடிதத்திலிருந்து தந்தி வரைக்கும் உள்ளதையும் இந்த இடத்தையும் தயவுசெய்து தாண்டிப் போய்விடுங்கள். நான் சொன்னது பொய். தம்பி, அந்தப் படத்தில் நீ ரொம்ப நன்றாக இருந்தாய்.

புத்தகம் வந்ததும் முதல் பிரதியை உன் கல்லறைக்குக் கொண்டுவந்து காட்டிவிட்டு, திரேஸ்புரத்தில் கொடுத்துவிட்டு வருவேன். இரண்டாம் பதிப்பு என்று ஒன்று வந்தால் இன்னொரு பக்கம் ஆர்ட் தாள் கேட்டு எடிட்டரோடு மல்லுக்கு நிற்பேன். அதற்கு மட்டும் எனக்கு எங்கிருந்தாவது தெம்பு வந்துவிடும். அதுவரைக்கும் நீ எப்படி இருப்பாய் என்று கேட்டு யாராவது என் வாசலுக்கு வந்தால், உன் முகத்தை நெற்றியிலிருந்து தாடை வரை ஒன்று விடாமல் நான் சொல்லுவேன். இது என் வாக்கு.

உன்னைத் திட்டுவதற்கென்றே உனக்கு முன்னால் பிறந்த,
உன் அக்கா பிலோமினா